கணுக்கால் ரேடார்

நாலு பிள்ளை பெற்றவளிடம் போய், "உனக்குக் குழந்தையைத் தூக்கத் தெரியுமா, ஒரு தடவை தூக்கிக் காட்டு" என்று கேட்டால் எப்படி இருக்கும்? பத்தொன்பது வருடம் கப்பலில் ரேடார் பார்த்த கழுகுக்கு அப்படித்தான் இருந்தது.

கழுகு என்பது கப்பலில் விழுந்த பெயர். அலையோடு அலையாகக் கிடக்கிற சின்னப் படகைக்கூட ரேடார் திரையில் பிரித்து எடுத்துவிடுவார் என்பதால் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. இப்போது வந்த உத்தரவு கழுகு, காக்கை என்று வித்தியாசம் பார்க்கவில்லை. ரேடார் பார்க்கும் எவரும் மறுபடி கப்பல் ஏறுவதற்கு முன், கரையில் உள்ள பயிற்சிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் சிமுலேட்டர் தேர்வில் உட்கார வேண்டும் என்றது அது.

சிமுலேட்டர் என்றால் பொய்க் கடல், பொய்க் கப்பல், பொய் ஏவுகணை. திரை மட்டும் நிஜம். கடலை உரசுகிற மாதிரி, இரண்டு ஆள் உயரத்தில் பறந்து வரும் ஏவுகணைகள் இருபது வரும். அதில் பதினாறைப் பிடிக்க வேண்டும். அலையைப் பார்த்து ஏவுகணை என்று மூன்று தடவைக்கு மேல் அலறக் கூடாது. தவறினால் கப்பல் கிடையாது; கரையிலேயே, தளவாடக் கிடங்கில் வேலை.

கிடங்கு ஒன்றும் நரகமில்லை. போர்வை, மழைக்கோட்டு, பூட்ஸ், வாளி. மின்விசிறி உண்டு, மூன்று மணிக்கு டீ உண்டு. அலை அடிக்காது, ஏவுகணை வராது. ஒரே ஒரு குறைதான். அந்தக் கிடங்குக்கு அதிகாரி கழுகின் மச்சான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்.

மச்சான் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் கழுகுக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும். அவர் நல்லவர், அதுவும் ஓயாமல் நல்லவர். குடையை எப்படி மடிக்க வேண்டும், தாழ்ப்பாளை எந்தப் பக்கம் தள்ள வேண்டும், பல்லை எத்தனை நிமிடம் தேய்க்க வேண்டும் என்று இருபது வருடமாகக் கழுகுக்குச் சொல்லிவருகிறார். ஒவ்வொன்றுக்கும் முன்னால், "மாப்பிள்ளை, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே" என்று ஒரு முன்பணம் கட்டிவிடுவார். பிறகு கோபப்பட நமக்கு உரிமை இல்லை. கழுகு கப்பல் வேலையை விரும்பியதற்கு நாட்டுப்பற்று ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். மச்சானுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பது இன்னொரு காரணம், அதுதான் கொஞ்சம் பெரிய காரணம்.

உத்தரவு வந்த அன்றே மச்சான் போன் செய்தார். தேர்வு எப்படிப் போனாலும் கவலைப்பட வேண்டாம், தன்னிடம் இடம் இருக்கிறது, தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் 'பார்த்துக்கொள்வது'தான் கழுகுக்குப் பயமாக இருந்தது. மனைவிக்கு இது புரியவில்லை.

"எங்க அண்ணன் என்ன புலியா?"

"புலின்னா ஒரு தடவை கடிச்சுட்டு விட்டுரும்," என்றார் கழுகு.

அன்று குழம்பில் உப்பு இல்லை. கழுகு கேட்கவும் இல்லை.

முதல் நாள் பயிற்சியில் இருபதுக்கு ஒன்பது வந்தது.

கழுகு பொய்க் கடலைத் திட்டினார். அந்தக் கடலை உண்டாக்கியவர் பக்கத்து மேசையில்தான் இருந்தார். சிமுலேட்டர் செய்த நிறுவனத்திலிருந்து வந்த பெண், நாற்பது வயது இருக்கும். ரேடாரை எழுதியவர் வேறு, ஏவுகணையை எழுதியவர் வேறு, அலையையும் காற்றையும் கணக்காக எழுதியவர் இவர். ஆகவே கட்டடம் முழுவதும் இவரைக் கடலம்மா என்றது. கடலம்மா வாழ்நாளில் ஒரே தடவைதான் கடலில் போயிருக்கிறார். அந்தப் பயணம் முழுவதும் தலை படகுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்ததால் கடலை மிக அருகில் பார்க்க முடிந்தது என்று அவரே சொல்லிக்கொள்வார். கழுகு இந்தக் கடல் சரியில்லை என்று அவரிடம் முறையிட்டார்.

"கடல் சரியில்லன்னு கப்பல்ல இருக்கும்போது யார்கிட்ட சார் புகார் குடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார்.

இதில் சிரமம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பூமி உருண்டை. கப்பலின் கம்பத்து உச்சியில் ஏற்றி வைத்தாலும் ரேடாருக்கும் ஒரு தொடுவானம் உண்டு. தாழப் பறக்கிற ஏவுகணை அந்த வளைவுக்குப் பின்னால் பதுங்கி வந்து, இருபத்தைந்து கிலோமீட்டரில்தான் தலையைத் தூக்கும். அங்கிருந்து கப்பலுக்கு வந்து சேர ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்திலும் அது ஒழுங்காகத் தெரியாது. திரை முழுக்க அலைகள் மினுக்கிக்கொண்டிருக்கும், அதற்குள் இதுவும் ஒரு மினுக்கு. சந்தைக் கூட்டத்தில் ஜேப்படிக்காரனைத் தேடுகிற வேலைதான். எல்லாருக்கும் கை இருக்கிறது, எல்லாக் கையும் அசைகிறது.

இரண்டாம் நாள் பதினொன்று. அன்று சாயங்காலம் மச்சான் மறுபடி போன் செய்து, வலது கைப்பக்கம் ஜன்னல் ஓரமாக ஒரு இடம் இருக்கிறது, காற்று வரும் என்றார்.

மூன்றாம் நாள்தான் பூட்ஸ் விஷயம் நடந்தது. கழுகுக்கு அந்த வாரம் கிடங்கிலிருந்து புது பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். ஒரு அளவு சின்னது. மாற்றித் தரச் சொன்னதற்கு மச்சான், தோல் விட்டுக்கொடுக்கும், மனிதர்தான் அவசரப்படக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்று நாளில் விட்டுக்கொடுத்தது கழுகின் தோல்தான், குதிகாலில். அதனால் அன்று மேசைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் பூட்ஸைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் ஏசி மனிதர்களுக்காக வைத்ததில்லை, இயந்திரங்களுக்காக வைத்தது. பத்து நிமிடத்தில் கால் விறைத்துவிட்டது. எங்காவது சூடு கிடைக்குமா என்று துழாவிய கால், மேசைக்கு அடியில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியில் போய் முட்டியது. சிமுலேட்டரின் மூளை அந்தப் பெட்டிக்குள்தான். திரைக்கும் பெட்டிக்கும் இடையிலான வயர் இரண்டு மீட்டருக்கு மேல் நீளம் இல்லாததால், அதை ஆபரேட்டரின் காலடியிலேயே வைத்திருந்தார்கள்.

பெட்டியின் பின்பக்கத்திலிருந்து காற்று வந்தது, சில்லென்று. கழுகு காலை எடுக்க நினைத்தபோது அது வெதுவெதுப்பானது. கணுக்காலில் யாரோ ஒத்தடம் கொடுத்த மாதிரி இருந்தது. அவர் சுகமாகக் கண்ணை மூடித் திறந்தார். இரண்டு நிமிடம் கழித்துத் திரையில் ஏவுகணை தலை தூக்கியது. அது போனதும் காற்று மறுபடி சில்லென்றது.

காதில் ஹெட்போன் இருந்ததால் பெட்டியின் விசிறி கூடுகிறதா குறைகிறதா என்று அவருக்குக் கேட்காது. ஆனால் கணுக்காலுக்கு யாரும் ஹெட்போன் மாட்டவில்லை. இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை, நான்காவது தடவையும் அப்படியே. கால் சுட்டால் ஏவுகணை புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம். கால் குளிர்ந்தால் திரையில் எது மினுக்கினாலும் அது அலை, நிம்மதியாகக் கொட்டாவி விடலாம். அன்று பத்தொன்பது பிடித்தார். தவறான அலறல் ஒன்றுகூட இல்லை.

அவருக்கு மனசாட்சி இல்லாமல் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அது வந்து பேசியது. ஏவுகணையைக் கண்ணால் பிடிக்க வேண்டும் என்று உத்தரவில் எழுதியிருக்கிறதா என்று இவர் திருப்பிக் கேட்டார். எழுதவில்லை. மனசாட்சிக்கு அதற்கு மேல் சட்டம் தெரியாது.

தேர்வு நாள் வந்தது. தேர்வு முறை இப்படி: சந்தேகம் வந்த உடனே சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். கடிகாரம் அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும். பிறகு திரையில் இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். கால் சுட்டதும் உஷாராகி, திரையில் கண்ட பிறகே பொத்தானை அழுத்துவது, அதுவும் நாலைந்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு, பதினாறு பதினேழோடு நாகரிகமாக எழுந்து வருவது என்பதுதான் கழுகின் திட்டம். வியாபாரம் தெரிந்தவனுக்கு முதல் பாடமே அதுதான். கிடைக்கிற லாபம் அத்தனையையும் ஒரே நாளில் எடுத்தால் நாளைக்குக் கடைக்கு ஆள் வராது.

ஆனால் பயிற்சிக் கட்டடத்தின் கமாண்டர் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார். பக்கத்தில் இருந்த அதிகாரியிடம், இவருக்குத்தான் கழுகு என்று பேர், பழைய கழுகு, இப்போது எப்படியோ தெரியவில்லை என்று ரகசியமாகச் சொன்னார். ஹெட்போன் அப்போது கழுத்தில் கிடந்தது.

'பழைய' என்ற ஒரு சொல் போதும். கழுகு ஹெட்போனை மாட்டினார். கால் சுட்டது. விரல் பொத்தானை அழுத்திவிட்டது. திரையில் ஒன்றுமே இல்லை. அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு நிமிடம் கழித்து ஏவுகணை முளைத்தது, கழுகு அலட்சியமாக ஒரு விரலால் தொட்டுக் காட்டினார். பின்னாலிருந்து 'அட' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு விரலை யார் பிடித்து நிறுத்துவது? இருபதுக்கு இருபது. சராசரியாக ஐம்பத்தெட்டு கிலோமீட்டரில் கண்டுபிடித்ததாகக் காகிதம் வந்தது.

கமாண்டர் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கடலம்மா அதை எட்டிப் பார்த்துவிட்டு, இது நடக்காத காரியம் என்றார். இருபத்தைந்துக்கு மேல் ரேடாரால் பார்க்க முடியாது, நடுவில் பூமி இருக்கிறது, பூமி உருண்டை என்று பொறுமையாக விளக்கினார். கமாண்டர் மரியாதை தெரிந்தவர்.

"உருண்டைங்கறத நான் மறுக்கலம்மா. எவ்வளவு உருண்டைங்கறதுதான் கேள்வி," என்றார்.

சாயங்காலத்துக்குள் மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. ஒன்று, கடலம்மாவின் கணக்கைச் சரிபார்க்க ஒரு குழு. இரண்டு, ஏவுகணை வருவது இனி இரண்டு நிமிடம் முன்கூட்டியே தெரியும் என்று கப்பல் கையேட்டில் எழுதுவது, அதற்கேற்பத் துப்பாக்கி மேடைக்காரர்கள் எந்நேரமும் விறைப்பாக நிற்காமல் உட்கார்ந்து இளைப்பாற அனுமதிப்பது. மூன்று, கழுகைக் கப்பலுக்கு அனுப்பி வீணாக்காமல், நிரந்தரமாகக் கரையிலேயே வைத்து, எல்லாருக்கும் அவருடைய முறையைக் கற்பிக்கச் செய்வது.

கரையிலே. கழுகு வாயைத் திறப்பதற்குள் மச்சானின் போன் வந்துவிட்டது. கிடங்கோடு சேர்த்துக் கரைப்பணி நிர்வாகமும் அவரிடம் வந்து ஒரு மாதம் ஆகிறதாம். பயிற்சி ஆசிரியர்களின் வருகைப் பதிவு, விடுப்பு, சீருடை எல்லாவற்றிலும் கையெழுத்து அவர்தான். "எப்படிச் சுத்தினாலும் கடைசில நம்மகிட்டதான் மாப்பிள்ளை வரணும்," என்று மனதாரச் சந்தோஷப்பட்டார்.

தோற்றாலும் மச்சான், ஜெயித்தாலும் மச்சான். கழுகு அன்று ராச்சாப்பாட்டில் நாலு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. மனைவி மட்டும், அண்ணன் ஜன்னல் ஓரத்து இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாரோ என்று கவலைப்பட்டாள்.

திங்கட்கிழமை காலை ஆறு ஆபரேட்டர்கள் வகுப்புக்கு வந்தார்கள். கழுகின் முறை என்ன என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் தேர்வின்போது அவர் பூட்ஸ் இல்லாமல் உட்கார்ந்திருந்ததைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டார்கள். வரிசையாக ஆறு ஜோடி பூட்ஸ் சுவரோரம் இருந்தது. வரிசையாகப் பன்னிரண்டு வெறுங்கால்கள் குளிர்ந்த தரையில் இருந்தன. அவர்கள் உட்கார்ந்த மேசைகளுக்கு அடியில் பெட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரே பெட்டியில் ஓடுகிற வகுப்புத் திரைகள். காலை அகட்டி வைத்தார்கள், ஒட்டி வைத்தார்கள். ஒருவர் விரல்களை விரித்துவைத்தார்.

அவர்களில் ஒரு தாடிக்காரர் கழுகோடு ஐந்து வருடம் ஒரே கப்பலில் இருந்தவர். மூன்று குழந்தைக்காரர், விளையாட்டுப் பேச்சு இல்லாத மனிதர். அடுத்த வாரம் அவருக்குக் கப்பல். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, உள்ளுக்குள் ஏதோ ஒன்று வந்து சொல்லும் என்று காத்திருந்தார். இரண்டு ஏவுகணைகள் அவர் திரையைக் கடந்து போய்விட்டன.

"அண்ணே, இன்னும் ஒண்ணும் வரல," என்றார் கண்ணைத் திறக்காமல். "எனக்குப் பக்குவம் பத்தலையோ?"

கழுகுக்கு முதுகு வியர்த்தது, அந்த ஏசியிலும். அடுத்த வாரம் இந்த மனிதர் நடுக்கடலில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். துப்பாக்கி மேடையில் இருப்பவர்கள் கையேட்டை நம்பி டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். வருகிற ஏவுகணை பொய்யாக இருக்காது. கப்பலில் மேசைக்கு அடியில் பெட்டியும் இருக்காது.

நேராகக் கடலம்மாவின் மேசைக்குப் போனார். குழு கேட்ட விளக்கங்களை எழுதி எழுதி அவருக்குக் கண் சிவந்திருந்தது.

"மேடம், உங்க பூமி உருண்டைதான்."

"ரொம்ப நன்றி சார். நேத்து வரைக்கும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

"நான் கண்ணால பாக்கல. கால்ல பாத்தேன்."

கடலம்மா பேனாவை மூடினார். கழுகு ஒன்றுவிடாமல் சொன்னார், பூட்ஸ், குளிர், பெட்டி, ஒத்தடம் எல்லாம். கடலம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து போய்த் தேர்வு மேசைக்கு முன் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை உள்ளே நீட்டி, ஒரு ஏவுகணையை விட்டுப் பார்த்தார். சற்று நேரத்தில் அவர் முகம் மலர்ந்தது.

"கடல் மட்டும் ஓடுறப்ப பெட்டிக்குப் பெரிசா வேலை இல்ல. ஏவுகணை பொறந்துட்டா, அதுல பட்டு நேரா திரும்பற ரேடார் அலையும் தண்ணில பட்டுத் திரும்பற அலையும் தனித்தனியா கணக்குப் போடணும். அதுதான் வேர்க்குது. தொடுவானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறப்பவே போட ஆரம்பிச்சுருது, முட்டாள்." யாரை முட்டாள் என்றார் என்பது தெளிவாக இல்லை. அந்தக் கணக்கை எழுதியவர் அவர்தான்.

பிறகு பேரம் தொடங்கியது. கமாண்டருக்கு அறிக்கை எழுத வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுதினால் கழுகு ஏமாற்றுக்காரர். பெட்டியை ஆபரேட்டரின் காலடியில் வைத்த கடலம்மா மடச்சாம்பிராணி. இரண்டு பேரும் கடை விரித்தார்கள். 'ஆபரேட்டர் முறைகேடு' என்பதில் கடலம்மா ஆரம்பித்தார். 'இயந்திரக் கோளாறு' என்பதில் கழுகு ஆரம்பித்தார். 'வெப்பக் கசிவு' என்று ஒரு படி இறங்கினார் கடலம்மா. அப்படியானால் கசியவிட்டது யார் என்று கேள்வி வரும் என்று அவரே ஒரு படி ஏறிக்கொண்டார். கடைசியில், 'அனுபவம் மிக்க ஆபரேட்டர் ஒருவர், சிமுலேட்டரில் தொடுவானத்துக்கு அப்பாலிருந்து தகவல் கசிவதைத் தாமாகவே கண்டறிந்து தெரிவித்தார்' என்று படிந்தது. கணுக்கால் என்ற சொல் எங்கும் வரக் கூடாது என்பது கழுகின் நிபந்தனை. ஆறு பேரையும் பூட்ஸ் போடச் சொல்ல வேண்டும் என்பது கடலம்மாவின் நிபந்தனை.

"ஆனா இந்த இருபதுக்கு இருபது செல்லாது," என்றார் கடலம்மா. "பெட்டிய அடுத்த ரூம்ல வெச்சு, திரும்ப எழுதணும். பதினாறு."

கமாண்டருக்கு வருத்தம்தான். பூமியைக் கொஞ்சம் தட்டையாக்கிப் பார்த்த மனிதர் அவர். ஆனாலும் கையேட்டைத் திருத்தும் வேலையை நிறுத்தினார், குழுவைக் கலைத்தார், இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார். மறுதேர்வில் தேறினால் கப்பல், தவறினால் கிடங்கு. ஆசிரியர் வேலை என்ற பேச்சையே அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இரண்டு நாளும் கழுகு அந்தப் பொய்க் கடலின் முன்னால் உட்கார்ந்து, அதை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தார். அது அவ்வளவு மோசமில்லை என்று தெரிந்தது. அலை என்பது ஒரு இடத்தில் மினுக்கும், அடுத்து எங்கேயோ மினுக்கும், அதற்கு ஊர் பேர் கிடையாது. ஏவுகணையும் மினுக்கும், பிறகு காணாமல் போகும். ஆனால் திரும்பி வரும்போது அதே கோட்டில், ஒரு எட்டு கிட்டே வந்திருக்கும். கப்பலில் பத்தொன்பது வருடமும் அவர் பார்த்தது இதைத்தான். பயிற்சியின்போது பயத்தில் புள்ளியைத் துரத்தினாரே தவிர, கோட்டைப் பார்க்கவில்லை.

மறுதேர்வு நாள் மேசைக்கு அடியில் வெறும் தரை. பெட்டி சுவருக்கு அந்தப் பக்கம், நீளமான புது வயரோடு. கழுகு பூட்ஸ் போட்டுக்கொண்டே உட்கார்ந்தார், கடித்தாலும் பரவாயில்லை என்று. அறையில் கடலம்மா மட்டும் இருந்தார்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. காகிதம் வந்தது. சரியாகப் பிடித்தது பதினைந்து. தவறான அலறல் இரண்டு.

பதினைந்து. கழுகு காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. ஜன்னல் ஓரத்துக் காற்று இப்போதே முகத்தில் அடிப்பது போலிருந்தது. பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார்.

"பதினேழாவது. இது தப்புன்னு போட்டிருக்கு. தப்பில்ல."

"நீங்க தொட்ட நேரத்துல அந்த இடத்துல ஒண்ணுமே தெரியல சார். மெஷின் பொய் சொல்லாது."

"போன வாரம் சொல்லிச்சே."

கழுகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்று தடவை தலை காட்டியது, மூன்று தடவையும் ஒரே கோடு, ஒவ்வொரு தடவையும் கிட்டே. நாலாவது தடவை முங்கியிருந்த நேரத்தில் தான் பொத்தானை அழுத்தி, எங்கே எழும்பும் என்று தெரிந்து அங்கே தொட்டதாகச் சொன்னார். நேராக வரும் ரேடார் அலையும் தண்ணீரில் பட்டு வரும் அலையும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டால் புள்ளி மறையும் என்று எழுதியதே கடலம்மாதான்.

"கதவைத் தட்டிட்டு ஓடிப்போய் கதவுக்குப் பின்னால ஒளியறவன் வீட்டுல இல்லன்னு ஆயிருமா?" என்றார் கழுகு. "கப்பல்ல அவன் திரும்ப எட்டிப் பாக்கற வரைக்கும் நான் காத்திருந்தா, அவன் எட்டிப் பாக்கறது என் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கும்."

கடலம்மா பதிவைத் திறந்து, பதினேழாவதை மெதுவாக ஓட்டிப் பார்த்தார். ஏவுகணையின் உண்மையான இடத்துக்கும் கழுகு தொட்ட இடத்துக்கும் நூற்றைம்பது மீட்டர் வித்தியாசம். அவர் உதட்டைக் கடித்தார். விற்ற பொருளைத் திரும்ப வாங்கும் கடைக்காரர்களை எனக்குத் தெரியும். அவர்கள் முகம் அப்படித்தான் இருக்கும். தேர்வு விதியில் தவறு இருக்கிறது, புள்ளி தெரிகிற நேரத்தில்தான் தொட வேண்டும் என்று எழுதியது ஏவுகணை எழுதியவர் என்று முணுமுணுத்தார். தவறானதை ஒன்றாகக் குறைத்தார். சரியானதைப் பதினாறாக்கினார்.

கழுகு எழுந்தார். எழுந்தவர் நின்றார். பன்னிரண்டாவது அவர் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டாவதில் அவர் ஒரு கோட்டையும் பார்க்கவில்லை. தும்மல் வந்தது, தும்மினார், விரல் பொத்தானில் பட்டது, பட்டதற்காக எங்கேயோ தொட்டுவைத்தார், அங்கே ஏவுகணை இருந்தது. சொல்வதா? ஒரு மனிதன் ஒரு வாரத்துக்கு எத்தனை உண்மைதான் சொல்வான்? இந்த வாரத்துக்கு உண்டானதை அவர் திங்கட்கிழமையே கொடுத்துவிட்டார். கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தார்.

"சார், அந்தப் பன்னெண்டாவது."

கழுகு திரும்பவில்லை.

"அது குருட்டு அடி. பதிவுல தும்மல் கேக்குது."

"இப்ப என்ன செய்யலாம்?" என்றார் கழுகு கதவைப் பார்த்தபடி.

"மூணு தடவை வரைக்கும் தப்பா அடிக்கலாம்னு விதில இருக்கு. தெரியாம சரியா அடிக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. நேத்து ராத்திரிதான் மறுதேர்வுக்காக விதி முழுக்க ஒரு வரி விடாம படிச்சேன்," என்றார் கடலம்மா. கையெழுத்துப் போட்டு, காகிதத்தை நீட்டினார். "கடல்ல தும்மிக்கிட்டே இருங்க."

படிக்கட்டு இறங்கும்போதே மச்சானின் போன் வந்தது. கழுகு பாதிப் படியில் நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பதினாறு, தேறிவிட்டேன், வெள்ளிக்கிழமை கப்பல் என்று சொன்னார். சொல்லும்போது குரலில் வெற்றி தெரியக் கூடாது என்று பார்த்துக்கொண்டார். கொஞ்சம் தெரிந்துதான் போயிருக்கும்.

வழக்கமாக மச்சான் அறிவுரைக்கு மூச்சு எடுக்கும் நேரம்தான் அது. கழுகு காத்திருந்தார்.

"அப்ப வரலையா மாப்பிள்ளை?" என்றார் மச்சான். குரல் கீழே இறங்கியிருந்தது. "ரெண்டு வருஷமா இங்க நான் ஒரே ஆளு. போர்வைக்கு எவ்வளவு சொன்னாலும் கோவமே வரமாட்டேங்குது."

இந்த மனிதருக்கு இரண்டு வருடமாகப் பேச்சுத்துணை இல்லை என்பதை இருபது வருடம் ரேடார் பார்த்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. இரக்கம் வந்தது. இரக்கத்தோடு, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்ற கணக்கும் வந்தது. இரண்டு நாள். இரண்டு நாள் தாங்கலாம்.

"நாளைக்கு வீட்டுக்குச் சாப்பிட வாங்க மச்சான். வரும்போது ஒரு அளவு பெரிசா ஒரு பூட்ஸ் எடுத்துட்டு வாங்க."

"மாப்பிள்ளை, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே," என்றார் மச்சான். குரலில் உயிர் வந்துவிட்டது.

"சொல்லுங்க," என்றார் கழுகு, படிக்கட்டிலேயே வசதியாக உட்கார்ந்துகொண்டு. "கோவிச்சுக்கறேன்."